நம்பர் ஒன் வயிறு

"தலைய நல்லா பின்னாடி சாய்டா"ன்னு துளசிங்கம் அண்ணே சொன்னாரு, எட்டியப்பன் சாஞ்சான், சலூன் நாற்காலி கிரீச்சுன்னு ஒரு சத்தம் போட்டுச்சு, பழைய படத்து வில்லன் மூக்கால சிரிக்கிற மாதிரி. வேற நாளா இருந்தா அந்த நாற்காலி மாதிரியே ஒரு சிரிப்பு சிரிச்சுக் காட்டி கடையவே கலகலன்னு ஆக்கியிருப்பான், இன்னைக்கு மூஞ்சி பூரா நுரை, வாயத் தொறந்தா சோப்பு உள்ள போயிடும், போவட்டுமே, சோப்பாவது போவட்டுமே, காலைலேந்து பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் உள்ள போவல. மணி மூணு. அஞ்சு மணிக்கு வண்டி வரும். ஏறிக் குந்திக்கிட்டு மைதானத்துக்குப் போவணும், மேடையில கறுப்புத் திரைக்குப் பின்னாடி நின்னு பாடணும், திரைக்கு முன்னாடி பெரிய பாட்டுக்காரன் டானிக்கு வாயத் தொறந்து தொறந்து மூடுவான், பாட்டு முடிஞ்சதும் திரை மேல போவும், "இந்தப் பாட்டப் பாடுனது நான் இல்ல, இவன், வியாசர்பாடி எட்டியப்பன்"னு டானிக்கு மைக்குல சொல்லுவான், நாப்பதாயிரம் பேர் முன்னாடி. நேத்து சாயங்காலம் போன்ல அவனே சொன்னான், கரகரன்னு, கத்திக் கத்திக் கெட்டுப்போன அந்தத் தொண்டையால. "ஒரே ஒரு விஷயம் மச்சான். அன்னைக்கு மாதிரியே வெறும் வயித்தோட வா. சென்டிமென்ட்டு." பாட்டுக்காரனுங்களுக்கு சென்டிமென்ட்டுன்னா சாமி மாதிரி, எந்தச் செருப்பப் போட்டுக்கினு பாடும்போது பாட்டு ஓடுச்சோ அந்தச் செருப்பு வார் அந்து ஊக்கு குத்தி நடந்தாலும் மாத்த மாட்டானுங்க. எட்டியப்பன் சரின்னுட்டான். சரி சொன்னது நேத்து, பசிக்கிறது இன்னைக்கு. பக்கத்து டிபன் கடையில மூணு மணிக்கே பூரி போட ஆரம்பிச்சுட்டான், வடகறி வாசனை சுவத்தத் தாண்டி வந்து, சலூன்ல அத்தினி மூக்கு இருக்கும்போது, கரெக்டா இவன் மூக்குல வந்து குந்துது.

"ஆடாத"ன்னாரு அண்ணே. ஆடல, வயிறுதான் ஆடுது. கத்தி காதுக்குக் கீழ ஜில்லுன்னு இறங்குச்சு. சுவத்துல டிவி, வருசத்துப் பத்துப் பாட்டப் போட்டுக்கிட்டு இருக்கான், பத்தாவதுலேந்து ஒவ்வொண்ணா, இப்ப ஏழு. ஏழாவது பாட்டுக்காரன் ரெண்டு வருசத்துக்கு முந்தி எப்பிடி இருந்தான், கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு எல்லாத்துலயும் அவன் பாட்டுதான், எட்டியப்பனும் மேடைக்கு மேடை அவன் குரல்லதான் குடும்பம் நடத்துனான். மெல்லிசைக் குழுவுல பதினாறு வருசமா மிமிக்ரி பண்றவனுக்கு பேப்பர்ல எழுதுறவனுக்குத் தெரியாத ஒரு கணக்கு தெரியும். குரல எடுத்து உட்டதுமே, பேரச் சொல்றதுக்கு முன்னாடியே கைதட்டுனான்னா அந்த ஆளு உச்சியில இருக்கான். "இப்ப வர்றது இன்னாரு"ன்னு பேரச் சொன்னப்புறம் கைதட்டுனான்னா எறங்கிட்டான். ஏழாம் நம்பர் எறங்கிட்டான், அது அவனுக்கே இன்னும் தெரியாது, எட்டியப்பனுக்குத் தெரியும், போன ஆடி மாசத் திருவிழாவுல அவன் குரல்ல பாடும்போது முன் வரிசையில ஒரு பொம்பள "யாரு இது"ன்னு பக்கத்துல கேட்டா. அப்பவே அவன் போயிட்டான். எல்லாரும் ஒரு நாள் போவாங்க, ஒரு வருசம், ஒன்றரை வருசம், அவ்ளோதான் உச்சி, அங்க நிக்கிறதுக்கு இடம் ரொம்பச் சின்னது. ஆனா டானிக்கு எறங்கல. டானிக்குக்கு இருமுனாக்கூட கைதட்டுறான். பள்ளிக்கூடப் பையில டானிக்கு, பிஸ்கட் பாக்கெட்டுல டானிக்கு, தலைவலித் தைலத்துல டானிக்கு, ஷேர் ஆட்டோ பின்கண்ணாடியில கையத் தூக்கிக்கிட்டு டானிக்கு. தணிகாசலம்னு பேரு, பேசின்பிரிட்ஜ் பக்கத்துல இட்லிக்கடை அம்மாவோட பையன், இவங்கூட ஒரே குழுவுல ஆறு வருசம் பாடுனவன், ஒரே பீடிய ரெண்டா இழுத்தவன், முதல் ரெண்டு பாட்டு ஓடுனதும் தணிகாசலம் பின்னாடி விழுந்து டானிக்கு முன்னாடி வந்துட்டான்.

இன்னைக்கு மேடையில பாடப் போறது அந்த மூணாவது பாட்டுதான். உப்புக்காத்து ஊருக்காரி. பாட்டு ரெடி, மெட்டு ரெடி, பாடுறவன் தொண்டை ரெடியில்ல, ரெண்டு மாசத்துல நாப்பது மேடையில கத்துனா தொண்டை என்ன இரும்பா. "மச்சான், நீ டிராக் பாடி வையி, தொண்டை சரியானதும் நான் வந்து மேல பாடிக்கிறேன்"னான். டிராக்குன்னா அது ஒரு வழக்கம், பெரிய பாடகர் வர்றதுக்கு முன்னாடி சின்ன ஆளு ஒருத்தன் பாடி வைப்பான், அதக் காதுல போட்டுக்கிட்டு பெரியவர் பாடுவாரு, அப்புறம் சின்னவன் பாடுனத அழிச்சிடுவாங்க. கட்டடத்துக்குச் சாரம் கட்டுற மாதிரி, வீடு எழும்புனதும் கட்டையப் பிரிச்சிடுவான். எட்டியப்பன் காலையில ஏழு மணிக்கெல்லாம் ஸ்டுடியோவுக்குப் போயிட்டான், சாப்பிடாம போயிட்டான், முடிச்சுட்டுச் சாப்பிடலாம்னு, உள்ள ஒரே அமைதி, கல்லறை மாதிரி, ஏசிக்காத்து மட்டும். சாரம்தானே, அழிச்சிடப் போறாங்கதானேன்னு இவனுக்கு ஒரு குஷி, சாதாரணமா பாடியிருக்கலாம், இவனால சாதாரணமா இருக்க முடியுமா, டானிக்கு மாதிரியே பாடுனான். அவன் வார்த்தைய வாய்க்குள்ள ஒரு சுத்து சுத்தி வெளிய உடுறது, மூக்கால மூச்ச இழுக்கிறது, கடைசி எழுத்த முழுங்குறது, எல்லாம் அச்சு அசலா. கிண்டலுக்குத்தான். கேட்டா அவனே சிரிப்பான்னு. நடுவுல நாலு பீட்டு சும்மா வரும், வாத்தியமும் இல்ல, குரலும் இல்ல, அந்த நாலு பீட்டுல, இவன் மூச்ச அடக்கிக்கிட்டு மைக்கு முன்னாடி நிக்கும்போது, வயிறு பேசிடுச்சு. கர்ர்ர்ருன்னு, அடிவயித்துலேந்து மேல ஏறி, ஒரு திருப்பம் திரும்பி, கர்ர்ர். மிசின்கிட்ட இருந்தவன் விழுந்து விழுந்து சிரிச்சான். இவனும் சிரிச்சான். வீட்டுக்குப் போற வழியில ஆறு இட்லி சாப்பிட்டான், இப்ப நெனச்சாலும் அந்த இட்லி ஞாபகம் இருக்கு, சூடு, கடையில கெட்டிச் சட்னி.

தொண்டை சரியாவல. தேதி வந்துடுச்சு. சாரத்துக்கே பெயின்ட் அடிச்சு கிரகப்பிரவேசம் பண்ணிட்டானுங்க. எட்டியப்பன் குரலு, டானிக்கு பேரு, அந்தக் கர்ர்ர் கூட அழிக்கல, சத்தத்த நாலு மடங்கு ஏத்தி, கண்ணாடி எல்லாம் அதிர்ற மாதிரி பண்ணி, பாட்டு வீடியோவுல அந்த எடத்துல ஒரு புலியக் காட்டுனானுங்க. பாட்டு போச்சு பாரு, போயிக்கிட்டே இருந்துச்சு, பதினோரு வாரம் நம்பர் ஒன்னு, நாப்பது கோடி தடவ பாத்திருக்காங்களாம், நாட்டுல அத்தினி பேருக்கு வேலையே இல்ல போல. மேடையில டானிக்கு அந்த நாலு பீட்டு வரும்போது கையத் தூக்குவான், கூட்டம் மொத்தமும் கர்ர்ர்னு உறுமும், சின்னப் புள்ளைங்க, காலேஜ் பொண்ணுங்க, தொப்பை வச்ச அப்பனுங்க. எட்டியப்பன் அதப் போன்ல முதல்முதலா பாத்தப்ப சிரிக்கிறதா அழுறதான்னு தெரியாம பாத்ரூம்ல போயி நின்னுக்கிட்டான். ஊரையே மிமிக்ரி பண்ணவன் இவன், இவன ஊரே மிமிக்ரி பண்ணுது, வயித்த. பொண்டாட்டி கன்னியம்மாகிட்ட சொன்னான், "அது நான் பாடுனதுடி." அவ பாத்திரம் கழுவிக்கிட்டே, "போன மாசம் பாடகரு ஒருத்தரு செத்தப்ப, அவரு பேசுறாருன்னு எங்கம்மாவுக்கு போன் போட்டு நெஞ்சுவலி வர வச்ச ஆளுதான நீ"ன்னா. துளசிங்கம் அண்ணேகிட்ட சொன்னான், "நீ எவன மாதிரிதான்டா பாட மாட்ட"ன்னாரு. தப்பு எங்கன்னு அப்பதான் புரிஞ்சுது, ஏதாவது ஒரு எடத்துல கொஞ்சம் கோணலா, கொஞ்சம் எட்டியப்பனா பாடியிருந்தா அத வச்சாவது காட்டலாம், ஒரு எழுத்து கூட உடல, அப்பிடி ஒழுங்கா வேல செஞ்சு வச்சிருக்கான். டானிக்குகிட்ட சண்டைக்குப் போனான். டானிக்கு இவன் ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டு, கண்ணுல தண்ணி வர, "என்ன இப்ப எறக்கி உட்றாத மச்சான், உச்சியில நிக்கிறேன், கால் நடுங்குது, நேரம் வரும்போது நானே சொல்றேன்"னான். அழுறானேன்னு இவனும் அழுதுட்டான். கண்ணீரக் கூட அவன் மாதிரியே அழுதான்னு வச்சுக்கோ.

ஆனா நேத்து சொன்னான்ல. திரை மேல போவும்னு சொன்னான்ல. கன்னியம்மா கூட நம்பிட்டா, காலையில கஞ்சி போட்டு சட்டைய இஸ்திரி பண்ணி ஆணியில மாட்டிட்டு, "தட்டுல ரெண்டு இட்லி வெக்கிறேன்"னா, வேணாம்டி சென்டிமென்ட்டுன்னான், "அவன் மட்டும் தின்னுட்டுத்தான வருவான்"னா. அவ வாயில எப்பவும் ஒரு ஊசி இருக்கும். டிவியில மூணு, ரெண்டு. அண்ணே இந்தப் பக்கம் முடிச்சிட்டு, கழுத்துக்கு வந்தாரு, மோவாய ரெண்டு வெரலால மேல தூக்கிப் புடிச்சாரு, கண்ணுக்கு நேரா டிவி. நம்பர் ஒன். மைதானத்துலேந்து நேரடியா, தொகுத்துப் பேசுற பொண்ணு சிரிச்சுக்கினே நிக்கிறா, பக்கத்துல டானிக்கு, பின்னாடி அதே கறுப்புத் திரை, இவன் நிக்கப் போற திரை. எட்டியப்பன் மூச்ச உள்ள இழுத்தான். "மூச்ச இழுக்காத, அறுத்துக்கும்"னாரு அண்ணே. பாட்டு கொஞ்சம் ஓடுச்சு, நாலு பீட்டு வந்துச்சு, கர்ர்ர். அந்தப் பொண்ணு கேட்டா, "இந்த உறுமல் எப்படி வந்துச்சு, எல்லாருக்கும் அதான் கேள்வி." டானிக்கு தலையக் குனிஞ்சான். குனிஞ்ச விதம் எட்டியப்பனுக்குத் தெரியும், அது இவன் சொல்லிக் குடுத்தது, குழுவுல சோகப் பாட்டுக்கு முன்னாடி மூணு எண்ணி அப்பிடிக் குனியணும்னு. ஒண்ணு, ரெண்டு, மூணு. நிமிந்தான். "அது உறுமல் இல்லங்க. என் வயிறு. அன்னைக்கு நான் சாப்பிடல. சின்ன வயசுல நானும் எங்கம்மாவும் பட்டினியாப் படுத்த நாளெல்லாம் நெனச்சுப் பாத்துக்கிட்டே பாடுனேன், வயிறு தானா பேசிடுச்சு." அந்தப் பொண்ணு கண்ணத் தொடச்சிக்கிட்டா.

டேய். டேய் தணிகாசலம். உங்கம்மா இட்லிக்கடைதான்டா வச்சிருந்தாங்க. எட்டியப்பன் கத்துனான், வாயத் தொறக்காம, கழுத்துல கத்தி, உள்ளுக்குள்ளயே கத்துனான். பட்டினி எந்த வழியாடா வந்துச்சு உங்க வூட்டுக்கு, இட்லிப் பானைக்கு அடியில பொறந்தவன்டா நீ, குழுவுல எங்களுக்கெல்லாம் தூக்குல இட்லி எடுத்துக்கினு வருவ, மத்தியானம் மிஞ்சுனத நாய்க்குப் போடுவ. குரலத் தூக்கிக்கினு போன, சரி, அது ஒன் குரலுதான், நான் ஒன்கிட்டேந்து எடுத்தது, நியாயம்னு கூட ஒரு பக்கம் சொல்லலாம். இருமல எடுத்துக்கோ, மூச்ச எடுத்துக்கோ. வயிறு என்னுதுடா. அதுல யாரு மாதிரியும் நான் பண்ணல. இந்த முப்பத்தெட்டு வருசத்துல, யாரு குரலும் இல்லாம, என் ஒடம்புலேந்து தானா வந்த சத்தம் அது ஒண்ணுதான். அதப் போயி. அந்தப் பொண்ணு இன்னும் ஏதோ கேக்குறா, வேற யாரோ பாடுனதா ஊருல ஒரு பேச்சு இருக்கேன்னு சும்மா வெளையாட்டா கேக்குறா, டானிக்கு சிரிக்கிறான், மூக்கால, "எங்க ஏரியாவுல மிமிக்ரி பண்ற ஒரு அண்ணன் இருக்காரு, அவரு சொல்லிக்கினு திரியிறாரு. பாவம், பொழச்சுப் போவட்டும்." அண்ணன். ஒரு வயசு சின்னவன்டா நான் ஒனக்கு. "இன்னைக்கு ராத்திரி ஏதாவது சர்ப்ரைஸ்"னு அவ கேக்க, டானிக்கு பின்னாடி திரும்பி அந்தத் திரையக் காட்டுனான், "கடைசிப் பாட்டு முடிஞ்சதும் இந்தத் திரை மேல போவும். உள்ள எங்கம்மா இருப்பாங்க."

அம்மாவா. அப்ப நான் எங்க இருப்பேன். எட்டியப்பன் மனசு அங்கயே மாட்டிக்கிச்சு, சுத்திச் சுத்தி அங்கயே வந்து நிக்குது, திரைக்குள்ள அம்மா இருந்தா நான் எங்க நிப்பேன், ஒருவேள ரெண்டு திரை இருக்குமோ, ஒருவேள அம்மாவுக்கு அப்புறம் நானோ, அம்மா பக்கத்துல நானோ, மகன் மாதிரி ரெண்டு பேரா. பாரு, இன்னும் நம்புறான். புத்திக்குத் தெரிஞ்சுடுச்சு, வயித்துக்குத்தான் இன்னும் யாரும் சொல்லல. நேத்து போன்ல மச்சான்னு கூப்பிட்டானே, அந்த மச்சான்ல ஒரு ஈரம் இருந்துச்சே, அதுவும் ஒருவேள மூணு எண்ணிச் சொன்னதோ. சொல்லிக் குடுத்தவனுக்கே தெரியல. எல்லாக் குரலும் எனக்கு அத்துப்படின்னு மார் தட்டுறவனுக்கு, எந்தக் குரல்ல பொய்யி இருக்குன்னு மட்டும் கேக்கத் தெரியல. சட்டப்பையில போன் அடிச்சுச்சு. போத்துன துணிக்குள்ள கையி. அண்ணேதான் எடுத்து, பேரப் பாத்து, "டானிக்கு மேனேசராம், பெரிய ஆளாயிட்டியேடா"ன்னு ஸ்பீக்கர்ல போட்டு மார் மேல வச்சிட்டு, கத்திய மேல் ஒதட்டுக்குக் கொண்டு வந்தாரு. "அண்ணே, அஞ்சு மணி வண்டி. பின்னாடி கேட்டு வழியா இட்டாருவாங்க, கேரவனுக்குள்ளயே மைக்கு ரெடி பண்ணிட்டோம், அங்கேந்தே பாடிட்டு அப்பிடியே கெளம்பிடலாம், கூட்டத்துல மாட்ட வேணாம். சாப்பிடல இல்ல?" மேல் ஒதட்டுல கத்தி இருக்கும்போது என்ன பேச முடியும், "ம்ம்"னான். "சூப்பர்ண்ணே"ன்னு வச்சிட்டான். ஆக, கேரவன். ரெண்டாவது திரையும் இல்ல.

அண்ணே கத்திய எடுத்தாரு, தண்ணி அடிச்சாரு, படிகாரத்த எடுத்து மோவாயில ஒரு இழுப்பு இழுத்தாரு, எரிஞ்சுது. டிவிய அணைச்சாரு. வெளிய வண்டிச் சத்தம் கூட ஒரு நிமிசம் நின்ன மாதிரி இருந்துச்சு. அந்த அமைதியில, அடிவயித்துலேந்து மேல ஏறி, ஒரு திருப்பம் திரும்பி, கர்ர்ர். துளசிங்கம் அண்ணே படிகாரம் புடிச்ச கையோட அப்பிடியே நின்னாரு. அப்புறம் சிரிச்சாரு பாரு, கண்ணாடிய ஒரு கையால புடிச்சிக்கிட்டு சிரிச்சாரு. "எப்பா டேய். அச்சு அசல் டானிக்கு வயிறுடா. வயித்தால கூட மிமிக்ரி பண்ற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்." பின்னாடி பெஞ்சுல குந்தி பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்த ஒருத்தன் எழுந்து கிட்ட வந்தான். அவன் கைதட்டுனான், பேரச் சொல்றதுக்கு முன்னாடியே. "இன்னொரு வாட்டி பண்ணுடா"ன்னாரு அண்ணே. எட்டியப்பன் கண்ணாடியப் பாத்தான். செரச்ச மூஞ்சி, வழவழன்னு, யாரு மூஞ்சியா வேணா மாத்திக்கலாம் போல இருந்துச்சு. "அது கேட்டா வராதுண்ணே"ன்னான். "பசிச்சாத்தான் வரும்." அதுக்கும் சிரிச்சாரு அவரு.

எழுந்து வெளிய வந்தான், வீட்டுப் பக்கம் ரெண்டு அடி வச்சான், ஆணியில தொங்குற சட்டை ஞாபகம் வந்துச்சு, கஞ்சி போட்டு மொடமொடன்னு, ஆள் இல்லாமயே நிமிந்து நிக்கும், கன்னியம்மா கேப்பா, என்ன சொல்றது, சரி சொல்லிக்கலாம், அவன் மட்டும் தின்னுட்டுத்தான் வருவான்னு அவ ஏற்கனவே சொல்லிட்டாளே. திரும்பி டிபன் கடைக்குள்ள போயிக் குந்துனான். "ரெண்டு செட்டு பூரி, வடகறி." முதல் வாய் தொண்டையில எறங்கும்போது கண்ணு கலங்குச்சு, மிளகா. ரெண்டாவது பூரியில போன் அடிச்சுச்சு. வாயத் தொடச்சிக்கிட்டு எடுத்தான். "அண்ணே, டிரைவர் கெளம்பிட்டான், சாருக்கு ஒரே டென்ஷன், நீங்க ரெடியா?" எட்டியப்பன் வார்த்தைய வாய்க்குள்ள ஒரு சுத்து சுத்துனான், மூக்கால மூச்ச இழுத்தான், கடைசி எழுத்த முழுங்குனான், அச்சு அசல் டானிக்கு. "வண்டியத் திருப்பச் சொல்லுப்பா. இன்னைக்குப் பாட்ட நானே பாடிக்கிறேன்." அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல. ஒரு பீட்டு, ரெண்டு, மூணு, நாலு. இவன் வயிறும் ஒண்ணும் பேசல. அப்புறம் மெதுவா, எழுந்து நின்னுட்ட மாதிரி ஒரு குரல், "சார்... நீங்களா சார்?" எட்டியப்பன் போன எலைக்குப் பக்கத்துல கவுத்து வச்சிட்டு, வடகறி கொஞ்சம் ஊத்தச் சொன்னான்.